ஒரே கூடம், நாற்பது மேசை: சின்ன காமிக்-கானுக்குப் போகலாமா?

#1 முதல்பக்கம்

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

வருகிற சனிக்கிழமை ஒரு காமிக்-கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்களும் கலைஞர்களும் கூடுகிற மாநாடு, நடக்கிறது. கான் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரே கூடம், நாற்பது மேசை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, அவ்வளவுதான். இதற்கு முன் நான் போனது ஒரே ஒரு கானுக்கு. அது மிகப் பெரியது. அங்கே எனக்கு நினைவில் நிற்பது முன்னால் நின்றவரின் முதுகுப்பை மட்டும். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன், ஓவியர் கையெழுத்துப் போட்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, எனக்குப் பின்னால் இன்னும் இருநூறு பேர் நின்றார்கள்.

இந்தச் சின்ன கானுக்கு வருகிற விருந்தினர் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஓர் இங்கர். பென்சில் ஓவியத்தின் மேல் மை போடுபவர். பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் நான் பார்த்துப் பார்த்து நகலெடுத்த கோடுகள் அவருடையவை.

கேள்விகள்: போவது நேரத்துக்குத் தகுமா? என்ன கொண்டுபோக வேண்டும்? எனக்குக் கூச்ச சுபாவம். மேசை முன்னால் நின்று என்ன பேசுவது?

#2 லாங்பாக்ஸ்_தாத்தா

போங்க தம்பி, யோசிக்காதீங்க.

சின்ன கான் என்றால் பெரிய கானின் ஏழைத் தம்பி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் மூத்தது. சான் டியகோ காமிக்-கான் இன்று லட்சத்துக்கு மேல் கூட்டம் சேர்க்கிறதே, அது 1970 மார்ச் 21 அன்று ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் ஒருநாள் கூட்டமாகத்தான் ஆரம்பித்தது. சுமார் 145 பேர் வந்தார்கள். அந்த ஆகஸ்டில் மூன்று நாள் நடத்தியபோது கூட்டம் 300 பேர் அளவுக்கு வந்தது. விருந்தினர்களில் காமிக்ஸ் ஓவிய மேதை ஜாக் கிர்பியும் எழுத்தாளர் ரே பிராட்பரியும் இருந்தார்கள். முந்நூறு பேருக்கு ஒரு கிர்பி! தோக்கியோவில் சொந்தமாக காமிக்ஸ் அச்சிடுகிற குழுக்கள் கூடி விற்கிற காமிக்கெட் சந்தையும் அப்படித்தான், 1975 டிசம்பர் 21 அன்று 32 குழுக்கள், சுமார் 700 வாசகர்கள். இப்போது அங்கே உள்ளே நுழைவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

ஆக, நீங்கள் சனிக்கிழமை போகப்போவது 1970க்கு. அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பாடம், பழைய இதழ்ப் பெட்டிகள். சின்ன கானில் வியாபாரிகள் நெட்டைப் பெட்டி, அதாவது லாங் பாக்ஸ், வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் இதழ் பிடிக்கும். புரட்டும்போது உறையின் மேல்விளிம்பை விரலால் முன்னுக்குச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். மூலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். எண் வரிசையைக் கலைப்பவனை எந்த வியாபாரியும் மறப்பதில்லை. நான் மன்னிப்பதும் இல்லை.

உறையைப் பிரித்துப் பார்க்க ஆசையா? வியாபாரியையே பிரிக்கச் சொல்லுங்கள். உறையின் மடிப்பில் ஒட்டியிருக்கிற டேப் இருக்கிறதே, அதைப்போல ஒரு சனியன் இல்லை. இதழை வெளியே உருவும்போது அட்டையில் ஒட்டிக்கொண்டு வண்ணத்தோடு உரிந்து வரும். நாற்பது வருடம் பத்திரமாக இருந்த அட்டை ஒரு நொடியில் போய்விடும். அந்தப் பாவம் உங்கள் கையால் வேண்டாம்.

பிரித்த பிறகு நடுப்பக்கம் இருக்கிறதா, தாள்களைச் சேர்த்து அடித்த பின் துருப்பிடித்திருக்கிறதா, உள்ளே எதையாவது கத்தரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். மார்வெல் 1974இல் தொடங்கி வாசகர் கடிதப் பக்கங்களில் சின்னச் சின்ன முத்திரைப் படங்களை அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேகரிக்கச் சொன்னது. பையன்கள் சொன்னதைச் செய்தார்கள். வால்வரினின் முதல் முழுத் தோற்றம் வருகிற ஹல்க் 181ஆம் இதழும் அந்தக் காலத்தியதுதான். இன்றைக்கு அதை வாங்குகிறவர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அன்றைக்குக் கத்தரிக்கோல் பிடித்த பையன்களில் நானும் ஒருவன், அது வேறு கதை.

#3 மைக்கறை

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள். சொந்தமாக வரைந்து, மடித்து, பின் அடித்து விற்கிற சின்னப் புத்தகங்கள். ஆறு வருடமாகச் சின்ன கான்களில்தான் மேசை போடுகிறேன்.

முதல்பக்கம், உங்கள் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லவா? எங்களுக்கும் அதே கூச்சம்தான். நாள் முழுக்கத் தனி அறையில் காகிதத்தோடு பேசுகிறவர்களைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? மேசையை நெருங்குகிறவர் எங்கள் கண்ணைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்க்கிறார், நாங்களும் அவர் கண்ணைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம். யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும். "சும்மா பார்க்கலாமா?" என்ற கேள்விக்கு இதுவரை நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒன்று. மேசை முன்னால் இருபது நிமிடம் நின்று உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால், பின்னால் வாங்க வந்தவர் சுற்றிவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர் வந்தால் அரையடி ஒதுங்கி நில்லுங்கள், அவர் போனதும் தொடரலாம். அச்சுப்படங்களைக் கேட்காமல் போனில் படமெடுக்காதீர்கள். மேசைமேல் பையை வைக்காதீர்கள். ஈர மை எங்கே காய்ந்துகொண்டிருக்கிறது என்று எங்களுக்கே சில நேரம் தெரியாது.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். "உங்கள் படைப்பு அருமை" என்பதற்கு "நன்றி" தவிர வேறு பதில் கிடையாது, அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட கட்டத்தைக் காட்டி "இந்த மழையை எப்படிப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் எங்களை நிறுத்துவதுதான் உங்கள் கஷ்டம்.

#4 காலிமேசை

எல்லோரும் தேன் தடவுகிறீர்கள், நான் கொஞ்சம் வேப்பெண்ணெய்.

போன வருடம் நானும் இப்படி ஒன்றுக்குப் போனேன். எந்தக் கான், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். நாற்பது மேசை என்றார்கள். அதில் பதினைந்து பொம்மை, பத்து டி-ஷர்ட், ஐந்து வெறும் ஸ்டிக்கர். காமிக்ஸ் இருந்த மேசைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பட்டியலில் இருந்த இரண்டு விருந்தினர்களில் ஒருவர் வரவில்லை, இன்னொருவர் மூன்று மணிக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். பேச்சு அமர்வுக்கு ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, பேசியவர் கத்தினார், நாங்கள் ஏழு பேர் முன்வரிசைக்கு நகர்ந்தோம்.

நாற்பது நிமிடத்தில் கூடத்தை இரண்டு சுற்று முடித்துவிட்டேன். பெரிய கானில் கூட்டம் என்றாலும் பார்ப்பதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். சின்னதில் ஏமாற்றமும் சீக்கிரமே வந்துவிடுகிறது.

#5 மைக்கறை

@காலிமேசை, பொம்மை மேசைகள் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நடத்துகிறவர்களுக்கு வாடகைக் கணக்கு, மேசை நிரம்ப வேண்டும். எனக்கும் அது வருத்தம்தான், பக்கத்து மேசையில் வாள் சுழற்றினால் என் புத்தகம் யார் கண்ணில் படும்?

ஆனால் அந்த ஏழு பேர் அமர்வு... பேசியவர் என்ன பேசினார் என்று நினைவிருக்கிறதா?

#6 காலிமேசை

இருக்கிறது. எழுத்துக்காரர் அவர், பேச்சுக்குமிழிக்குள் எழுத்து பதிப்பவர். குமிழியின் வால் பேசுகிறவரின் வாயை நோக்கிப் போக வேண்டும், வாயைத் தொடக் கூடாது என்றார். இரண்டு பேர் பேசினால் முதலில் பேசுகிறவர் இடது பக்கம் நிற்கும்படி ஓவியர் வரைந்திருக்காவிட்டால், வால்கள் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கத் தான் படுகிற பாட்டைப் பலகையில் வரைந்தே காட்டினார்.

சரி சரி, புரிகிறது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் நினைவிருக்கிறது. இருந்தாலும் டிக்கெட் வாங்கும்போது அதற்காக வாங்கவில்லையே.

#7 கிரேடு9.8

நடைமுறைக்கு வருவோம். கையெழுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதழின் தரத்தை 0.5 முதல் 10 வரை மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. 2000இல் வந்த சிஜிசி அதில் பெயர்பெற்றது. அவர்களுடைய சாட்சி கண்முன்னால் நின்று பார்த்த கையெழுத்துக்கு மஞ்சள் சீட்டு. சாட்சி இல்லாமல் வாங்கிய கையெழுத்தோடு அனுப்பினால் பச்சைச் சீட்டு வரலாம், அதாவது அட்டையில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. சின்ன கானில் சாட்சிகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். எனவே நல்ல நிலையில் இருக்கிற இதழைக் கொண்டுபோய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடுத்துப்போனால் பின்னட்டைப் பலகையோடு உறையில் போட்டு, அதற்கு மேல் கெட்டி அட்டைக் கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள். பலகை அமிலமற்றதாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் அந்தப் பக்கம் இதழை ஒட்டி வர வேண்டும்.

#8 லாங்பாக்ஸ்_தாத்தா

> அட்டையில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு

வரைந்தவனே போட்ட கையெழுத்து கிறுக்கலாம்! பிளாஸ்டிக்குக்குள் அடைத்த இதழைத் திறந்து படிக்க முடியாது. படிக்க முடியாதது எப்படி காமிக்ஸ்? கண்ணாடிப் பெட்டியில் மாட்டின மீன்.

#9 கிரேடு9.8

தாத்தா, செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். நீங்கள் படித்துப் படித்துத் தீர்த்த இதழ்கள் போக மிச்சமிருப்பதைக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். படிப்பதற்கு மறுபதிப்பு இருக்கிறது.

#10 லாங்பாக்ஸ்_தாத்தா

மறுபதிப்பில் வாசகர் கடிதம் இருக்குமா? விளம்பரம் இருக்குமா? சரி, இந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். தம்பிக்கு வழிசொல்வோம்.

#11 தையல்மாயாவி

நடுவில் ஒரு சின்னக் குறிப்பு. நான் காஸ்பிளே செய்பவள், அதாவது கதாபாத்திரங்களைப் போல உடை தைத்து வேஷம் போடுபவள். சின்ன கானில் என்னைப் போல நாலைந்து பேர்தான் இருப்போம். அதனால் கூடம் முழுக்க எங்களையே பார்க்கும். படமெடுக்க ஆசை என்றால் கேளுங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரி என்போம், ஒழுங்காக நின்றும் கொடுப்போம். உடையைத் தொடாதீர்கள். பசை காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டுக்கொண்டு வந்திருப்போம்.

"காமிக்ஸ் கூட்டத்தில் வேஷம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே மோரோஜோ என்று அழைக்கப்பட்ட மர்ட்டில் டக்ளஸ் உடை தைத்தார், அவரும் இன்னொரு ரசிகரான ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் அதை அணிந்து வந்தார்கள். காமிக்-கான் என்ற பெயரே பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊசி வந்துவிட்டது.

#12 முதல்பக்கம்

அனைவருக்கும் நன்றி. போவதாக முடிவு செய்துவிட்டேன்.

அந்த இங்கர் மை போட்ட இதழ்கள் என்னிடம் முப்பது இருக்கின்றன. எத்தனை கொண்டுபோகலாம்? ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். ஒரு தொடரின் நடு இதழ், யாரும் தேடாத இதழ், அட்டை கிழிந்து நானே ஒட்டியது. பன்னிரண்டு வயதில் நகலெடுத்தேன் என்றேனே, அது இதுதான். அதில் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு மனிதன் கனமான கோட்டு போட்டுக்கொண்டு மழையில் நடந்து போவான். அந்தக் கோட்டின் மடிப்புகளை நான் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் இங்கரிடம் என்ன கேட்பது? "பென்சில்காரர் வரைந்ததன் மேல் நீங்கள் எப்படிக் கோடு போட்டீர்கள்" என்று கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்வாரோ?

#13 மைக்கறை

இரண்டு அல்லது மூன்று இதழ் போதும். முப்பதையும் மேசையில் கொட்டினால் விற்பதற்காக வாங்குகிறீர்கள் என்று நினைப்பார்.

"மேலே கோடு போடுவது" என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இங்கர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்கிற வசை அது. பென்சில் கோடு மங்கலும் அடர்த்தியுமாக, பல கோடுகளில் தயங்கித் தயங்கி இருக்கும். அதில் எது கோடு, எது தயக்கம் என்று முடிவெடுப்பவர் இங்கர். எங்கே தடிக்க வேண்டும், எங்கே இழையாக மெலிய வேண்டும், எந்த இடத்தை முழுக் கறுப்பாக நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் பல பக்கங்களில் அவர் கணக்கு. பென்சில்காரர் சிலர் நிழலுக்குப் பதில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்கள், "இங்கே கறுப்பு" என்று அர்த்தம். மீதி உன் பாடு.

தூரிகையா நிப் பேனாவா என்று கேளுங்கள். கோட்டு மடிப்பு என்றீர்கள், தூரிகைதான் என்று என் ஊகம். எடுத்த எடுப்பில் மெலிந்து, நடுவில் பெருத்து, முடிவில் கூர்மையாகிற கோடு தூரிகைக்கு இயல்பாக வரும்.

இன்னொன்று: அசல் பக்கம் வைத்திருந்தால் பார்க்கக் கேளுங்கள். வாங்கக்கூட வேண்டாம், பாருங்கள்.

#14 லாங்பாக்ஸ்_தாத்தா

அட்டை கிழிந்து ஒட்டியதா? அதைத்தான் கொண்டுபோங்கள். கிரேடு தம்பி கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

#15 கிரேடு9.8

மூடிக்கொண்டேன்.

#16 முதல்பக்கம்

போய்விட்டு வந்தேன். நேற்றே எழுத நினைத்தேன், அலமாரியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலிமேசை சொன்னது பாதி சரியாகத்தான் இருந்தது. நாற்பதில் பதினேழு மேசையில் காமிக்ஸ். ஒலிவாங்கி வேலை செய்தது. உள்ளே நுழைந்ததும் அந்த இங்கரின் மேசையைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் நேராக எதிர்ப்பக்கம் போய் ஒரு மணி நேரம் பழைய இதழ்ப் பெட்டிகளைத் துழாவினேன். தாத்தா சொன்னபடி மேல்விளிம்பைச் சாய்த்துச் சாய்த்து. வியாபாரி "நிறையப் பழக்கம் போல" என்றார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

பதினொன்றரைக்குத் தைரியம் வந்தது. மேசையில் அவர் மட்டும்தான் இருந்தார். என்னைவிட வயதில் மிக மூத்தவர், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தார். "சும்மா பார்க்கலாமா" என்றேன். மைக்கறைக்கு நன்றி, நாற்காலியைக் காட்டினார். நாற்காலி! போன தடவை மூன்று மணி நேரம் நின்றவன் நான்.

அசல் பக்கங்கள் ஒரு கோப்பில் இருந்தன. அச்சில் பார்த்தே பழகிய கண்ணுக்கு முதலில் அளவே அதிர்ச்சி, பதினொன்றுக்குப் பதினேழு அங்குலப் பலகை. பக்கத்தில் உள்ளங்கை அளவு இருந்த முகம் இதில் என் கை விரித்தாற்போல் இருக்கிறது. கறுப்பு ஒரே கறுப்பு இல்லை. தூரிகை போன திசை தெரிகிறது. வெளிர்நீலப் பென்சில் கோடுகள் மைக்கு அடியில் அப்படியே கிடக்கின்றன. அந்த நீலத்தை அச்சுக்கூடக் கேமரா பிடிக்காதாம், அதனால் அழிக்க வேண்டிய தேவையே இல்லை என்றார். ஒரு ஓரத்தில் வெள்ளை வண்ணம் தடவித் திருத்தியிருந்த இடத்தை விரலால் தடவச் சொன்னார். மேடாக இருந்தது. "அன்றைக்குத் தூக்கக் கலக்கம்" என்றார்.

பிறகு என் இதழை எடுத்து நீட்டினேன். ஒட்டுப்போட்ட அட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து, எத்தனை தடவை வரைந்தேன் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, "இந்தக் கோட்டு மடிப்பைத் தூரிகையில் போட்டீர்களா, நிப்பிலா?" என்று கேட்டேன். வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போன கேள்வி.

அவர் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"இது நான் இல்லையே" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. முதல் பக்கத்தில் பெயர் இருக்கிறதே என்றேன், திறந்தும் காட்டினேன். பெயர் இருக்கிறது, அதனால் என்ன என்பதுபோலப் பக்கங்களைப் புரட்டினார். பென்சில் பக்கங்கள் தாமதமாக வந்தன, அச்சுக்குப் போக மூன்று இரவுதான் இருந்தது, அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டுப் பக்கங்களைப் பிரித்துக்கொண்டோம் என்றார். முதல் ஆறு பக்கம் இவர். ஏழு முதல் பதினான்கு ஒரு தோழி. மீதியும் பின்னணிக் கட்டடங்களும் இன்னொருவர். "இந்தக் காதைப் பார், நான் காதை இப்படி மூட மாட்டேன். அவள்தான் கேள்விக்குறி மாதிரி ஒரே இழுப்பில் போடுவாள்." பதினொன்றாம் பக்கத்து மனிதனின் காதைக் காட்டினார். கேள்விக்குறியேதான்.

அப்புறம் அதிகம் பேர் வரவில்லை. யாராவது வந்தபோது நான் அரையடி ஒதுங்கினேன், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப என் இதழுக்கே வந்தார். இருபத்திரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் பார்த்தோம். இரண்டு இடத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் உடம்பு அவர், முகம் தோழி. "முகம் சரியாக வரவில்லை என்று விடியற்காலை திட்டினாள், நீயே போடு என்று கொடுத்துவிட்டேன்."

முக்கால் மணி நேரம். அந்தத் தோழி இப்போது காமிக்ஸ் செய்வதில்லையாம். அவர் பெயரில் ஒரு இதழ்கூட வெளிவரவில்லை.

கையெழுத்துக் கேட்டேன். அட்டையில் போட மாட்டேன் என்றார். ஆறாம் பக்கத்தைத் திறந்து, கடைசிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, "இதுவரை" என்று எழுதிக் கொடுத்தார். ஏழாம் பக்கத்தின் மேலே தோழியின் பெயரைப் பென்சிலில் எழுதினார்.

#17 கிரேடு9.8

உள்பக்கத்தில். மையில். சாட்சி இல்லாமல். அடுத்த பக்கத்தில் பென்சில் வேறு.

இதற்கு எந்த நிறச் சீட்டும் கிடையாது நண்பரே. விற்க நினைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

#18 லாங்பாக்ஸ்_தாத்தா

இந்த வழக்கம் பழையது தம்பி. 1970களில் ஓவியர் நீல் ஆடம்ஸின் ஸ்டுடியோவைச் சுற்றியிருந்தவர்கள் அவசரத்துக்குக் கூடி மை போட்டுவிட்டு, தனிப்பெயர் எதுவும் போடாமல் "கிரஸ்டி பங்கர்ஸ்" என்று கூட்டுப்பெயர் போட்டார்கள். மார்வெல் இதழ்களில் "எம். ஹேண்ட்ஸ்" என்று ஒரு இங்கர் பெயரைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்றே நம்பினேன். பல கைகள் என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. அவற்றிலாவது யாரோ உதவினார்கள் என்ற தடயம் இருக்கிறது. உங்கள் இதழில் அதுவும் இல்லை.

அந்தப் பெண்மணியின் பெயரை இங்கே போடாததற்கு நன்றி, அவர் விருப்பம் தெரியாதல்லவா. ஆனால் உங்கள் இதழில் பென்சிலில் எழுதியது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#19 தையல்மாயாவி

நிறைய தடவை வரைந்தது தோழியின் கோடு என்று தெரிந்தபோது ஏமாற்றமாக இல்லையா?

#20 முதல்பக்கம்

திரும்பி வரும் வழி முழுக்க இருந்தது. இருபது வருடமாக ஒருவரைக் குரு என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் அது அவர் இல்லை என்றால்? ஆனால் அவரிடம் போகாமல் இருந்திருந்தால் அது அவர் இல்லை என்பதே தெரிந்திருக்காது.

அலமாரி விஷயம் சொல்கிறேன் என்றேனே. மற்ற இருபத்தொன்பது இதழையும் எடுத்துப் போட்டுக் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பன்னிரண்டு முடிந்தது. கேள்விக்குறிக் காது இன்னும் மூன்று இதழில் கிடைத்திருக்கிறது. ஒன்றில் முழுதாக நான்கு பக்கம்.

#21 காலிமேசை

அடுத்தது எப்போது என்று அங்கே ஏதாவது அறிவித்தார்களா?

சும்மாதான் கேட்கிறேன்.

#22 மைக்கறை

முதல்பக்கம், அந்த நான்கு பக்கத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள், அவருக்கு எழுதிக் கேட்கலாம். அவருக்கே மறந்திருக்கும்.

அப்புறம் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லையே. தூரிகையா, நிப்பா?

#23 முதல்பக்கம்

கேட்டேன். "அவளா? கையில் எது கிடைக்கிறதோ அது. அன்றைக்கு என் தூரிகையைத்தான் எடுத்துக்கொண்டாள், திருப்பித் தரவே இல்லை" என்றார்.